இடிக்கும் முன் எழுதினார்கள்

சர்வகலாசாலை ஆராய்ச்சி என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவது கண்ணாடிக் குழாயும் வெள்ளை அங்கியும் நீல ஜுவாலையுந்தான். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து ஜனங்களுக்கு மட்டும் இவற்றோடு ஒரு சுத்தியலும் தோன்றக்கூடும். கடற்காற்றே எட்டாத இந்த ஊர்களில் மண்ணை வெட்டினால் கடற்சிப்பி அகப்படுகிறது. சாத்தனூரில் சுமார் 60 அடி நீளத்துக்கு ஒரு மரம் கல்லாய்க் கிடக்கிறது. 1940-இல் பூகர்ப்ப சாஸ்திர நிபுணர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். அது முதல் மாணவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிப் பார்த்துப் போகிறார்கள். சுண்ணாம்புக் கல்லின் பெருமையையோ நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டு லாரிகள் இரவெல்லாம் ஓடி, நம் தூக்கத்தைக் கெடுத்து, அதை ஓயாமல் ஞாபகப்படுத்திக் கொண்டிருக்கின்றன.

இந்த வாரம் நாம் பேச எண்ணுவது வேறு வகை ஆராய்ச்சி. மனிதன் பேசியதையும் பாடியதையும், ஏட்டிலும் கல்லிலும் எழுதி வைத்ததையும் ஆராய்கிற ஆராய்ச்சி. மொழி, இலக்கியம், சரித்திரம், சாஸனம் என்று சர்வகலாசாலைகள் இதற்குத் தனித்தனித் துறைகள் வைத்திருக்கின்றன. பட்டமளிப்பு விழாவில் இத்துறைகளின் பெயரைக் கேட்டால் சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள். "பாவம், நல்ல பிள்ளை; இதிலே போய்ச் சேர்ந்துவிட்டானே!" என்று அதற்கு அர்த்தம்.

நமது இரண்டு ஜில்லாக்களுக்கும் இந்த ஆராய்ச்சியோடு உள்ள உறவு சாமான்யமானதல்ல. பழந்தமிழ் நூல்களைப் பாடபேதம் பார்த்து, குறிப்பு எழுதிப் பதிப்பிக்கும் வித்தையைத் தமிழுலகத்துக்குக் காட்டிய மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் பிறந்தது உத்தமதானபுரத்தில். வித்வானாக மலர்ந்தது மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நிழலில். ஆனால் அந்த நிழலைச் சேருமுன் அவர் நடந்து தேய்த்த மண் நம்முடையது. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் கேட்டார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பு இலக்கணம் கற்றார். இந்தச் செங்கணம் எங்கே இருக்கிறது என்று பெரம்பலூரில் பத்துப் பேரைக் கேட்டால், பஸ் நம்பர் சொல்லுவார்கள், ரெட்டியாரைத் தெரியுமா என்று கேட்டால், "எந்த ரெட்டியார்?" என்பார்கள். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறி வெளிவந்த போதும், 1932-இல் சென்னைச் சர்வகலாசாலை அதன் பதிப்பாசிரியருக்கு டாக்டர் பட்டம் அளித்த போதும், அந்தக் கௌரவத்தில் குன்னத்துத் திண்ணைக்கும் செங்கணத்துத் திண்ணைக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

திண்ணையில் ஒருவர் செய்ததைப் பிற்காலத்தில் சர்வகலாசாலைகள் கூட்டம் கூடிச் செய்தன. சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ்ப் பேரகராதி வேலை 1913-இல் துவங்கியது. அகராதியின் ஆறு பகுதிகளும் வெளிவந்து முடிய 1936 ஆயிற்று. 1,04,405 சொற்கள், பின்னர் அநுபந்தத்தில் இன்னும் 13,000-க்கு மேல். 2003-இல் அதே சர்வகலாசாலை அந்த அகராதியைத் திருத்தி விரிவாக்கும் பணியைக் கையில் எடுத்தது. அகராதிக்கு முற்றுப்புள்ளி இல்லை போலும்! வீட்டில் அகராதி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை நினைத்துக் கொண்டு பக்கத்தைப் புரட்டினால், சற்று மரியாதையாகப் புரட்டுவார்கள்.

கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சையில், 1981-இல் தமிழுக்கென்றே ஒரு சர்வகலாசாலை ஏற்பட்டது. அங்கே கல்வெட்டுக்கு ஒரு துறை, ஓலைச்சுவடிக்கு ஒரு துறை என்று பகுத்து வைத்தார்கள். அங்கும், புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றிய பேராசிரியர் எ. சுப்பராயலு செய்த ஒரு வேலையைப் பற்றி நேயர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம் ஜில்லாக்களுக்கு மிகவும் பொருத்தமானது.

சோழர் சாஸனங்களில் ஓர் ஊரைச் சொல்லும்போது, இன்ன வளநாட்டு இன்ன நாட்டு இன்ன ஊர் என்று சொல்லுவது வழக்கம். பழுவூரைக் 'குன்றக் கூற்றத்து' ஊர் என்பார்கள். இந்த 'நாடு' என்பதும் 'கூற்றம்' என்பதும் என்ன? அரசன் படத்தில் கோடு போட்டுப் பிரித்த தாலுகாவா? சுப்பராயலு அவர்கள் சாஸனங்களில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைய ஊர் எது என்று அடையாளம் கண்டு, படத்தில் புள்ளி வைத்துக் கொண்டே போனார். எத்தனை புள்ளி! எத்தனை நாள்! புள்ளிகள் சேர்ந்தபோது ஒரு விஷயம் தானாகவே தெரிந்தது. ஆறு எல்லையாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், ஒரே நாட்டு ஊர்கள் ஆற்றின் இரு கரையிலும் இருந்தன. அதாவது நாடு என்பது மேலிருந்து யாரோ வெட்டிய துண்டு அல்ல. அக்கம்பக்கத்து உழவர் ஊர்கள் சேர்ந்து தாமே வளர்ந்த கூட்டம். ராஜாக்கள் தம் பட்டப் பெயரைச் சூட்டி ஏற்படுத்திய வளநாடுகளோ அடிக்கடி பெயர் மாறின, நாடு மாறவில்லை. 1973-இல் இந்த ஆராய்ச்சி புத்தகமாக வெளிவந்தது.

நமக்கு இதில் ஒரு சொந்த ரஸம் உண்டு. நாம் திருச்சி ஜில்லாக்காரராகப் பிறந்தோம். 1995-இல் பெரம்பலூர் ஜில்லாக்காரரானோம். 2001-இல் அரியலூர் ஜில்லாக்காரர். 2002-இல் மறுபடி பெரம்பலூர். 2007 முதல் மறுபடி அரியலூர். இத்தனைக்கும் நாம் வீடு மாறவேயில்லை! ஆயிரம் வருஷம் கழித்து எந்த ஆராய்ச்சியாளராவது நம் ரேஷன் கார்டுகளைத் தோண்டி எடுத்தால், இவர்கள் நாடோடி ஜாதியோ என்று சந்தேகப்படுவார். ஊரும் உறவும் சந்தையும் மாறாமல் இருக்க, மேலே பலகை மட்டும் மாறுகிற விஷயம் நம் காலத்துப் புதுமை அல்ல என்று சுப்பராயலு அவர்களின் படம் நமக்குச் சொல்லுகிறது.

அவரோடு சேர்ந்து உழைத்த இன்னொருவர் ஜப்பானியர். டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் நொபொரு கராஷிமா. 1960-களில் சென்னைச் சர்வகலாசாலைக்கு வந்து படித்தார், 2015-இல் காலமானார். திருச்சிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சாஸனங்களை எடுத்துக் கொண்டு, நிலத்தை யார் விற்றார்கள் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் விற்றார்கள். அல்லூரில் ஊரார் கூடி விற்றார்கள். 'சோழர் காலத்தில் நிலம் தனிச்சொத்தா, பொதுச்சொத்தா?' என்று மேல்நாட்டுப் பண்டிதர்கள் ஆகாயத்தில் கோட்டை கட்டிச் சண்டையிட்டுக் கொண்டிருந்தபோது, இவர் இரண்டு கோவில் சுவர்களைக் காட்டி, 'இந்த ஊரில் இப்படி, அந்த ஊரில் அப்படி' என்று சொல்லி வைத்தார். பின்பு இவரும் சுப்பராயலுவும் மற்றொரு ஜப்பானிய அறிஞரும் சேர்ந்து, சோழ சாஸனங்களில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் அடுக்கி, 1978-இல் மூன்று பெரும் பகுதிகளாக வெளியிட்டார்கள். பெயர் ஜாபிதா, அவ்வளவுதான். கதையில்லை, வர்ணனையில்லை. ஆனால் ராஜாக்களைத் தவிர வேறு யாரையும் அறியாதிருந்த சரித்திரத்துக்குள் ஆயிரக்கணக்கான சாமானியர்கள் பெயரோடு நுழைந்தது அந்த ஜாபிதாவின் வழியாகத்தான்.

வரிப் பெயர்களையும் இப்படியே எண்ணினார்கள். நூற்றுக்கணக்கான வரிச்சொற்கள். அவற்றுள் அடிக்கடி வருபவை சிலவே: கடமை, குடிமை, அந்தராயம், எச்சோறு, முட்டையாள், வெட்டி. 'வெட்டி' என்றால் கூலியில்லாமல் செய்யக் கடமைப்பட்ட வேலை. வேலையில்லாமல் திரிகிறவனை இன்று நாம் 'வெட்டிப் பயல்' என்கிறோம். கூலியில்லா வேலை என்பது வேலையே இல்லாமை என்று எப்போது ஆயிற்றோ! இந்த எண்ணிக்கை நம் முன்னோரின் புகழைப் பாடுவதற்கு மட்டும் உதவுவதல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். கோபுரத்தைக் கட்டியவர்களோடு, கூலியின்றிக் கல் சுமந்தவர்களும் இப்போது கணக்கில் வருகிறார்கள். சோழர் பெருமை பேசும் மேடைகளில் 'வெட்டி'யைப் பற்றி நாம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேசினால் பெருமை குறைந்துவிடாது, உண்மை கூடும்.

இத்தனைக்கும் ஆதாரம் சுவர். அந்தச் சுவரைப் பற்றி நம் ஜில்லாவிலேயே எதிரும் புதிருமாக இரண்டு சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. முதலாம் ராஜராஜன் காலத்தில் அக்கோவில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. பழைய சுவரில் முன்னோர் எழுதி வைத்த சாஸனங்கள் இருந்தன. என்ன செய்தார்கள்? அரசனுடைய 28-ஆம் ஆண்டில், அதாவது 1013 வாக்கில், 'விமானத்தை இடிப்பதற்கு முன் அதிலுள்ள கல்வெட்டுக்களைப் புத்தகத்தில் எழுதிக் கொள்ளுங்கள்' என்று கட்டளை பிறந்தது. எழுதிக் கொண்டார்கள், பிறகு பிரித்தார்கள், கட்டினார்கள். ராஜராஜன் மறைந்தான். மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், சுமார் 1026-இல், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய சாஸனங்களைப் புதிய சுவரில் மறுபடியும் வெட்டினார்கள். இந்தச் செய்தியையும் சுவரிலேயே எழுதி வைத்தார்கள். இடையில் பதின்மூன்று வருஷம்! கட்டளையிட்டவன் போய்விட்டான், புத்தகத்தை யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அவர் பெயர் நமக்குக் கிடைத்தால், சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சித் துறை வாசலில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

மற்றச் சம்பவம் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்தது. கங்கை வரை படை அனுப்பி நீர் கொணர்ந்த ராஜேந்திரன் சமைத்த தலைநகர். 2004 முதல் அதன் கோவில் ஐக்கிய நாடுகளின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட அப்போதைய கும்பினி அரசாங்கத்தாருக்குக் கல் தேவைப்பட்டது. தயாராக வெட்டிய கல் பக்கத்திலேயே இருக்கிறதே! கோவிலின் பெரிய மதிற்சுவரைப் பெயர்த்து எடுத்துக் கொண்டு போனார்கள். ஊரார் தடுத்துப் பார்த்தார்கள். கருங்கல்லுக்குப் பதில் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சமாதானம் சொல்லப்பட்டது. பின்னர் எழுந்த சுவர் பெயரளவுக்கு ஒரு சுவர். அணையினால் நெல் விளைந்தது வாஸ்தவம்; அதை மறுப்பவன் சோறு தின்கிறவனாக இருக்க முடியாது. ஆனால் எண்ணூறு வருஷத்துக்கு முன் திருமழபாடியில் ஒரு கணக்கனுக்குத் தோன்றிய யோசனை, 1836-இல் எஞ்சினீயர்களுக்குத் தோன்றவில்லை. சென்னை ராஜதானியில் சாஸனங்களைப் படிப்பதற்கென்று டாக்டர் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் நியமனம் ஆனது 1886-இல். கல் அணைக்குப் போய் ஐம்பது வருஷம் ஆன பிறகு!

அரண்மனையின் கதியும் அதுவே. கோவிலுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள மாளிகைமேட்டில் தமிழ்நாட்டுத் தொல்பொருள் இலாகாவினர் 1980-களில் தோண்டினார்கள். 2021 முதல் மறுபடியும் தோண்டினார்கள். கனத்த செங்கற் சுவர்கள், கூரை ஓடுகள், ஆணிகள், சீன தேசத்துப் பீங்கான் துண்டுகள் அகப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் செங்கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக் கொண்ட பள்ளங்களும் அகப்பட்டன. அந்நியனை மட்டும் குறை சொல்ல நமக்கு முகம் இல்லை.

சென்ற மாதம் நம் மாணவி ஒருத்தியின் தந்தை பள்ளிக்கு வந்தார். முந்திரித் தோப்பும் கொஞ்சம் வியாபாரமும் உள்ளவர். ஊர்க் கோவில் திருப்பணிக் கமிட்டியில் முக்கியஸ்தர். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். சரித்திரம் படித்து, சாஸன ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள்.

"ஏங்க ஸார், கல்வெட்டுப் படிச்சா அது சோறு போடுமா?" என்றார்.

"உத்தியோகம் கொஞ்சம், போட்டி அதிகம். பொய் சொல்ல மாட்டோம்" என்றோம்.

"அப்புறம் எதுக்குங்க அந்தப் படிப்பு? கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்கும்."

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பல சர்வகலாசாலைகளில் பேராசிரியர் ஓய்வு பெறும்போது அவருடைய நாற்காலியும் சேர்ந்து ஓய்வு பெற்று விடுகிறது. இதைத் தெரிந்து வைத்துக் கொண்டு ஒரு தகப்பனாரைப் பார்த்து 'தமிழுக்காகத் தியாகம் செய்யும்' என்று உபதேசிப்பது நமக்குச் சம்மதமில்லை. தியாகம் என்பது பிறர் வீட்டுப் பெண்ணைக் கொண்டு செய்விப்பதல்ல. ஆகவே வேறு ஒன்று கேட்டோம்.

"உங்கள் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' உண்டா?"

"அஞ்சு பாகமும் இருக்குங்க. எங்கம்மா மூணு தடவை படிச்சிருக்காங்க. பழுவேட்டரையர் நம்ம பக்கத்துக்காரருன்னு அவங்களுக்கு ஒரே பெருமை."

கல்கி அக்கதையை 1950-இல் எழுதத் துவங்கினார். அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, 1935-இலும் 1937-இலும், பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் எழுதிய சோழர் சரித்திரத்தைச் சென்னைச் சர்வகலாசாலை இரண்டு பகுதிகளாக வெளியிட்டிருந்தது. 1949-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் பணிபுரிந்த சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் வெளிவரத் தொடங்கியது. அவர்கள் இருவரும் எழுதியது சாஸனங்களைப் பார்த்து. கீழப்பழுவூரிலும் மேலப்பழுவூரிலும் கல்லில் இருந்த பழுவேட்டரையர், மைப்படியில் ஏறி, சர்வகலாசாலைப் புத்தகத்தில் ஏறி, வாரப் பத்திரிகையில் ஏறி, ஒரு பாட்டியின் மடிக்கு வந்து சேர்ந்தார். நடுவில் ஒரு படி உடைந்திருந்தால் பாட்டிக்குக் கதையில்லை. இதை அவரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாப்போம் ஸார்" என்றார். 'பார்ப்போம்' என்பது நம் பக்கத்தில் மறுப்புமல்ல, சம்மதமுமல்ல. பெண் எங்கே சேருவாள் என்பது பரீட்சை முடிந்த பிறகு தெரியும்.

எழுந்து போகும்போது அவர் சொன்ன இன்னொரு வார்த்தைதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. திருப்பணியில் கர்ப்பக்கிருகத்துப் பழைய கற்களை மணல் வீசிச் 'சுத்தம்' பண்ணப் போகிறார்களாம். அர்த்த மண்டபத்தைப் பிரித்து கிரானைட் போடப் போகிறார்களாம். மணலைக் காற்றின் வேகத்தில் கல்லின்மேல் அடிக்கும் இந்த வித்தையில் அழுக்கோடு எழுத்தும் போகும். எழுத்தோடு ஊரின் பத்திரமும் போகும். வீட்டுப் பத்திரத்தை யாராவது சலவைக்குப் போடுவார்களா?

'எல்லாவற்றையும் சர்க்கார் முன்னமே படி எடுத்திருப்பார்கள்' என்று சிலர் தைரியம் சொல்லுவதுண்டு. நிறைய எடுத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் அல்ல. எடுத்தவையும் நெடுங்காலம் நம் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. உதகமண்டலத்தில் இருந்த சாஸன அலுவலகம் 1966-இல் மைசூருக்குப் போயிற்று. மைப்படிகளும் கூடவே போயின. தமிழ்ச் சாஸனங்களின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டு வரவேண்டுமென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது 2021-இல். அவற்றில் அச்சேறாதவை இன்னும் மிகுதி. காகிதம் கல்லைவிட வேகமாகக் கிழவனாகிறது. ஆகையால் கல் இருக்கும்போதே கல்லைப் பார்த்துக் கொள்வது நல்லது.

படி எடுப்பது மந்திர வித்தை அல்ல. கல்லைத் தண்ணீர் விட்டு மெல்லிய தூரிகையால் கழுவுகிறார்கள். நனைத்த தடித்த காகிதத்தை ஒட்டி, மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குகிறார்கள். பிறகு மை தோய்ந்த பொட்டணத்தால் மேலே ஒற்றினால் கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாய் எழும்பி வருகிறது. இதைப் பழகியவர்கள் செய்வதே உசிதம். நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தி வேளையில் கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், பகலில் மொட்டைக் கல்லாக இருந்தது எழுத்தாக எழுந்து நிற்கும். கைபேசியில் படம் பிடித்துத் தஞ்சைக்கோ, தொல்பொருள் இலாகாவுக்கோ அனுப்பலாம். படிக்கக் கற்பதும் அசாத்தியமல்ல. சோழர் காலத்து எழுத்தில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்றே. இரண்டு தடைகளும் பழகிவிட்டால், ஒரு கோடைக்கால விடுமுறையில் புத்திசாலிக் குழந்தை எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடும்.

அந்தத் திருப்பணிக் கமிட்டியாரை நாம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். திருமழபாடிக் கதையைச் சொன்னோம். ராஜராஜனே எழுதிக்கொண்டு இடித்தான் என்றதும் சபையில் ஒரு சலசலப்பு. மணல் வீச்சுக்குப் பேசிய ஆளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மண்டபத்தைப் பிரிப்பதையும் சாஸனங்களைப் படி எடுக்கும் வரையில் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கிரானைட் ஆசை மட்டும் இன்னும் தணியவில்லை. தஞ்சைக்குக் கடிதம் எழுதியாயிற்று. அதுவரை நம் மாணவி மாலைதோறும் தம்பியைக் கைவிளக்குப் பிடிக்கச் சொல்லி, தென்புறச் சுவரை ஒரு நாற்பது பக்க நோட்டில் பார்த்து எழுதிக் கொண்டிருக்கிறாள். ஒரு நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த சங்கதி போலிருக்கிறது. ஆட்டின் எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் யாரோ சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அதை ஆணியால் சுரண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறோம்.